எதை வாசிப்பது, யாரோடு வாசிப்பது?

வீடு மந்திரிக்கப் போகும் இடங்களிலும், அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலும் பங்குத்தந்தையரிடம் அடிக்கடி வைக்கப்படும் விண்ணப்பம் ஒன்றுண்டு. “சாமி, விசுவாசத்துக்கு உதவுற மாதிரி நல்ல புத்தகமா நாலு சொல்லுங்க. வாசிக்கணும்னு ஆசையா இருக்கு.” கேட்கும்போதே நெஞ்சு குளிரும் விண்ணப்பம் இது. பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுப்பதும் எளிது. ஆயினும் நாம் முதலில் மறுகேள்வி ஒன்று கேட்பது வழக்கம்: “யாரோடு உட்கார்ந்து வாசிக்கப் போறீங்க?”

கேட்டவர் சற்றுத் திகைப்பார். வாசிப்பு என்பது தனியாள் செயல் என்றே நாம் பழகியிருக்கிறோம். திருச்சபையின் வழக்கமோ தொடக்க முதலே வேறு. திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய நாட்டு அரச அலுவலர் ஒருவர் தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை வாசித்துச் செல்கிறார். கையில் நூல் இருக்கிறது, கல்வி இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. ஆனால் யாராவது விளக்கினாலன்றித் தமக்கு எப்படி விளங்கும் என்று அவரே பிலிப்பிடம் கேட்கிறார். பிலிப்பு தேரில் ஏறி அவரருகில் அமர்கிறார். அந்த ஒரே பயணத்தில் வாசிப்பு திருமுழுக்காகக் கனிகிறது. நூலும் அருகில் ஓர் ஆளும் சேர்ந்தபோது நிகழ்ந்தது அது.

தமிழ் மண்ணிலும் விசுவாசம் இவ்வழியேதான் வேர்விட்டது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்றார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டிலும் அண்டை அயலிலும் சொல்லிக்கொடுக்குமாறு அச்சிறுவர்களையே அனுப்பினார். பின்னர் 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட மறைக்கல்விச் சுவடி அது. நம் மொழியில் அச்சு என்பது பங்குமக்கள் விசுவாசம் கற்பதற்காகவே கால்கொண்டது என்பதை எண்ணுகையில் உள்ளம் பெருமிதம் கொள்கிறது. அந்தச் சிறு சுவடிக்கும் உயிர் தந்தது, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொன்ன அந்த உறவுதான்.

இன்னொரு சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர் குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்பு நேர்ந்து மனமுடைந்திருந்தபோது, கத்தோலிக்கரான தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் மறைச்சாட்சியம். இத்துணைப் பெரிய பயணத்தின் தொடக்கம், துயருற்ற நேரத்தில் நண்பர் ஒருவர் வாய்வழி வந்த ஒரு விவிலிய நூலே. நூல் சரியானது; நேரம் சரியானது; கொண்டுவந்தவரும் அருகிருந்தவர்.

இம்மூன்றையும் மனத்திற்கொண்டே, நம் பங்குமக்களுக்கு நாம் பரிந்துரைக்கும் சில நூல்களை இங்கே கூற விழைகிறோம்.

முதலாவது, மாற்கு நற்செய்தி. விவிலியத்தை வாசிக்கத் தொடங்குவோர் பலர் தொடக்கநூலில் ஆரம்பித்து, லேவியர் நூலின் பலிச் சட்டங்களில் களைத்து நின்றுவிடுகின்றனர். மாற்கு பதினாறே அதிகாரங்கள். நான்கு நற்செய்திகளுள் சிறியது. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை குடும்பமாக அமர்ந்து, பிள்ளைகள் மாறி மாறி வாசிக்க, முழுவதையும் ஒரே அமர்வில் கேட்டுப் பாருங்கள். ஞாயிறுதோறும் துண்டு துண்டாகக் கேட்ட இயேசு, இரக்கமும் சினமும் களைப்பும் கொண்டு எருசலேமை நோக்கி விரைபவராக முழுமையாய்க் கண்முன் வருவார். கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உழைத்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தபோது நாம் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்தோம். இன்றும் அதன் மாற்கு நற்செய்தியைக் கையில் எடுத்தால் அந்த நாட்களின் புத்துணர்ச்சி திரும்புகிறது.

இரண்டாவது, திருப்பாடல்கள். இதை ஏன் இரண்டாவதாக வைக்கிறோம் என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கில் இருபத்திரண்டு வயது மகனைச் சாலை விபத்தில் இழந்த தாய் ஒருவர், அடக்கத் திருப்பலி முடிந்து மூன்று வாரம் கழித்துப் பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் கைப்பேசி. யாரோ அனுப்பிய காணொளியைக் காட்டினார். குடும்பத்தில் இளமையில் நேரும் சாவுக்கு மூன்று தலைமுறைக்கு முந்தைய பாவமே காரணம் என்றும், அதை முறிக்கத் தனிச் செபம் தேவை என்றும், அதற்குக் காணிக்கை இவ்வளவு என்றும் அதில் ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். “எங்க மாமனார் பரம்பரைல யாரோ செஞ்ச பாவத்தாலதான் எம்புள்ள போயிட்டானாம் சாமி. நெசந்தானா?” என்று கேட்டார் அந்தத் தாய்.

மகனைப் பறிகொடுத்த நெஞ்சில் பழியையும் ஏற்றிவைக்கிறது ஒரு குரல். அந்தக் குரலுக்கு முன்னால் நம் திருச்சபையின் நூல்கள் அவ்வீட்டைச் சென்றடைந்திருந்தனவா? விசுவாச நூல்களைப் பற்றிய பேச்சு படித்தவர்களின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் இக்கேள்வியைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வெற்றிடமாக இருக்கும் வீட்டில் எந்தக் குரலும் எளிதாகக் குடியேறிவிடுகிறது.

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து அவரோடு சேர்ந்து மெதுவாக வாசித்தோம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவர் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்க, இருவரும் காரணமல்லர் என்று இயேசு மறுக்கும் இடம் அது. பின்பு எசேக்கியேல் 18: தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என இறைவாக்கினர் வாயிலாக ஆண்டவர் அறுதியிட்டுக் கூறும் அதிகாரம். திருமுழுக்கில் எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1263-ஆம் எண்ணில் போதிப்பதையும் காட்டினோம். தலைமுறைச் சாபம் நீக்குவதாகச் சொல்லும் செபமுறைகளைப் பற்றி 2024-இல் ஸ்பெயின் நாட்டு ஆயர்களும் எச்சரித்துள்ளனர். இக்கவலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

அவர் தலையசைத்தார். ஆனால் அழுகை நிற்கவில்லை. பழி நீங்கினாலும் துயரம் நீங்குவதில்லையன்றோ! மறுவாரம் வந்தபோது திருப்பாடல் 88-ஐ அவர்முன் வைத்தோம். விவிலியத்திலேயே மிக இருண்ட பாடல் அது. பிற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் நம்பிக்கைக்கோ புகழ்ச்சிக்கோ திரும்பும். இதுவோ இருளைச் சொல்லியே நின்றுவிடுகிறது.

வாசித்து முடித்து நிமிர்ந்தார். “இது இருட்டுலயே முடிஞ்சு போகுதே சாமி. அப்புறம் ஒண்ணுமே இல்லையா?”

“இல்லம்மா, அதோட முடிஞ்சிருது. வெள்ளிக்கிழமை ராத்திரி செபத்துல குருக்களும் கன்னியர்களும் இதைத்தான் சொல்றோம்.”

“அப்போ ஆண்டவர்கிட்ட இப்படிப் பேசினா அவர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“கோவிச்சுக்கிறவரா இருந்தா, இதை வேத புத்தகத்துல வச்சிருக்கவே மாட்டாரும்மா.”

நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, தமக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்றார். அதே அன்பியத்தைச் சேர்ந்த, கணவரை இழந்த பெண்மணி ஒருவர், மாலைச் செபமாலை முடிந்தபின் நாளுக்கொரு திருப்பாடலை அவருக்கு வாசித்துக் காட்ட முன்வந்தார். மகனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குப் பதிலுரைப் பாடலாகத் திருப்பாடல் 130 வேண்டுமென்று அத்தாயே கேட்டுவாங்கினார். ஆழத்திலிருந்து இறைவனைக் கூவியழைத்து, விடியலுக்காகக் காத்திருக்கும் பாடல் அது. அந்தக் காணொளியை அழித்துவிட்டாரா என்று நாம் கேட்கவில்லை. அவருக்கு இப்போது சொல்வதற்குத் தம் சொந்தச் சொற்கள் இருந்தன.

திருப்பாடல் எண்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பழைய செபநூல்களில் 50-ஆம் சங்கீதம் என்று வரும் மனவருத்தப் பாடல், பொது மொழிபெயர்ப்பில் 51. பழைய இலத்தீன் எண்முறைக்கும் எபிரேய எண்முறைக்கும் உள்ள வேறுபாடே இது. நூல் மாறிவிட்டதோ என்று முதியோர் கலங்க வேண்டாம்.

மூன்றாவது, ஞாயிறு வாசகங்கள். 1969-இல் வெளியிடப்பட்ட திருப்பலி வாசக ஒழுங்கின்படி முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா என ஞாயிறு நற்செய்திகள் சுழன்று வருகின்றன. யோவான் சிறப்பாகத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் ஒலிக்கிறார். உலகெங்கும் நம் சகோதரர் அதே ஞாயிறன்று அதே பகுதியைக் கேட்கின்றனர். வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் மகனும் ஊரிலுள்ள தாயும் ஒரே நற்செய்தியைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொள்ள இயலும். வியாழன் மாலை அன்பியத்தில் வரும் ஞாயிற்றின் நற்செய்தியை வாசித்து, புரியாத ஒரு சொல்லையும் மனத்தைத் தொட்ட ஒரு சொல்லையும் ஒவ்வொருவரும் கூறினால் போதும். அப்படிக் கேட்டுவிட்டு வருவோருக்கு மறையுரை ஆற்றுவது எங்களுக்கும் இனிமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். ஆண்டுக்கொரு நாள் விவிலியத்துக்கு மாலை சூட்டுவதோடு அதன் நோக்கம் நிறைவேறிவிடாது.

நான்காவது, திருச்சபையின் போதனை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2865 எண்கள் கொண்டது. அதன் பருமனைக் கண்டு அஞ்சுவோருக்கு நாம் சொல்வது: கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நான்காம் பகுதி செபத்தைப் பற்றியது. இயேசு கற்பித்த செபத்தின் விளக்கத்தோடு அது நிறைவுறுகிறது. நாள்தோறும் சொல்லும் செபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இவ்வளவு பொருளா என வியப்பீர்கள். இன்னும் சுருக்கம் வேண்டுவோருக்கு 2005-இல் வெளிவந்த, 598 வினா விடைகளாலான சுருக்கநூல் உண்டு. பழைய பதிப்பு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மரண தண்டனை பற்றிய 2267-ஆம் எண் 2018-இல் திருத்தப்பட்டு, அத்தண்டனை ஏற்கத்தகாதது என்று இப்போது போதிக்கப்படுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்து பதினாறு ஏடுகளைத் தந்தது. அவற்றுள் ‘திருச்சபை’ ஏட்டின் இரண்டாம் அதிகாரத்தையும் ஐந்தாம் அதிகாரத்தையும் பொதுநிலையினர் அவசியம் வாசிக்க வேண்டும். ஆட்சிப் பொறுப்பாளரைப் பற்றிப் பேசுமுன் இறைமக்கள் அனைவரையும் பற்றிப் பேசுகிறது இரண்டாவது. புனிதத்துக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டுமன்றி எல்லாருக்கும் உரியது என்கிறது ஐந்தாவது. பங்குப் பேரவை உறுப்பினர் இவ்விரு அதிகாரங்களையும் சேர்ந்து வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினால், திருவிழாக் கணக்கைப் பற்றிய வாக்குவாதங்கள்கூடச் சற்றே தணியும் என்பது நம் நம்பிக்கை.

ஐந்தாவது, புனிதர் வரலாறுகளும் புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புகைகள்’ நூலும். 1521-இல் பம்பலோனாப் போரில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், பொழுது போக்க வீரக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. அவற்றை வாசித்தவர் எழுந்தபோது புதிய மனிதராக எழுந்தார். காயம் பட்ட நேரத்தில் வீட்டில் எந்த நூல் இருந்தது என்பது எவ்வளவு பெரிய காரியம் பாருங்கள்! ‘ஒப்புகைகள்’ பதின்மூன்று புத்தகங்கள் கொண்டது. முதல் ஒன்பது அகுஸ்தினாரின் வாழ்க்கையைச் சொல்வன. அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், காலத்தைப் பற்றியும் படைப்பைப் பற்றியுமான பிற்பகுதிகள் பொறுமையுள்ளோருக்கு. எட்டாம் புத்தகத்தில் மிலான் நகரத் தோட்டத்தில் பவுலின் திருமுகத்தைத் திறந்து மனம் மாறும் காட்சியை அறியாதார் குறைவு. ஆனால் பலர் கவனியாத ஒன்று அங்குண்டு. அருகிலிருந்த நண்பர் அலிப்பியுஸ் அந்த ஏட்டை வாங்கி, அடுத்த வரியை வாசித்துத் தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்கிறார். பின் இருவரும் சேர்ந்தே உள்ளே சென்று தாய் மோனிக்காவிடம் செய்தியைச் சொல்கின்றனர். அங்கேயும் ஒருவர் வாசிப்பு மற்றொருவர் கைக்கு மாறியது.

ஆறாவதாக, கடையில் கிடைக்காத நூல் ஒன்றையும் சொல்வோம். அது பங்கின் திருமுழுக்குப் பதிவேடு. திருச்சபைச் சட்டம் 535-இன்படி திருமுழுக்குப் பெற்றவரின் உறுதிபூசுதலும் திருமணமும் குருத்துவமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படுகின்றன. திருமண ஓலைக்காகச் சான்றிதழ் கேட்டு வரும் இளைஞரிடம் அவருடைய பதிவு இருக்கும் பக்கத்தைக் காட்டுவதுண்டு. “தம்பி, உன் பேர் இங்க எழுதியாச்சு. இந்த ஓரம் உனக்காகத்தான் காலியா இருக்கு” என்போம். தம் விசுவாசம் தம்மோடு தொடங்கியதன்று என்பது அந்தப் பழுப்பேறிய ஏட்டைக் கண்டதும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இனி, நாம் குறிப்பிடாத நூல்களும் காணொளிகளும் உங்கள் கைக்கு வரும். கைப்பேசியை நாம் பழிக்கவில்லை. அன்றன்றைய வாசகங்களைப் பேருந்திலேயே அதில் வாசித்துவிட்டு வருவோர் நம் பங்கில் உள்ளனர். ஆனால் எதையும் ஏற்குமுன் மூன்றைச் சோதியுங்கள். அது உங்களை அச்சத்தில் கட்டிப்போடுகிறதா, மனமாற்றத்துக்கும் நம்பிக்கைக்கும் அழைக்கிறதா? உங்கள் பங்கின் பலிபீடத்திலிருந்தும் அடுத்த வீட்டாரிடமிருந்தும் உங்களைப் பிரிக்கிறதா, சேர்க்கிறதா? அருளுக்கு விலை குறிக்கிறதா? நூலின் முன்பக்கத்தில் ஆயரின் அச்சு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானது அதில் இல்லை என்பதே அந்த அனுமதியின் பொருள்; நூலிலுள்ள ஒவ்வொரு கருத்தும் ஆயரின் கருத்து என்பதன்று.

‘இறைவெளிப்பாடு’ ஏடு தன் 25-ஆம் எண்ணில், மறைநூலை அறியாதவர் கிறிஸ்துவையும் அறியாதவராகிறார் எனப் புனித எரோணிமுஸ் தந்த எச்சரிக்கையை நினைவூட்டி, விசுவாசிகள் அனைவரையும் வாசிப்புக்கு அழைக்கிறது. செபம் அவ்வாசிப்போடு இணைந்து செல்ல வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. எனவே அன்பர்களே, இந்த வாரமே கண்ணாடி அலமாரியைத் திறந்து, திருமண நாளில் பரிசாக வந்த அந்தத் திருவிவிலியத்தைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உங்கள் தெருவில் கண் மங்கிய முதியவர் யார், எழுத்தறியாதவர் யார், அண்மையில் துயருற்றவர் யார் என்று எண்ணிப் பார்த்து, ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எதை வாசிப்பது என்று தெரியாவிட்டால் மாற்குவின் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். எம்மாவு வழியில் இருவரோடு மூன்றாமவராய் நடந்தவர் உங்களோடும் வந்து அமர்வாராக.